ஐந்தாம் இடத்தில் ஓர் எக்ஸ்

டுலூத்தில் மூன்றாம் நாளாகப் பனி.
ஏரி எங்கே முடிகிறது வானம் எங்கே தொடங்குகிறது
என்று கேட்டால், அதற்குக் குறியீடு கிடையாது.
துணி துவைக்கும் எந்திரத்துக்குப் பக்கத்தில்
மேசை போட்டிருக்கிறாள் மார்லிஸ் கோஸ்கெலா.
இரண்டு திரை. ஒரு காலில் மட்டும் கம்பளிக் காலுறை,
மற்றது உலர்த்தியில் சுற்றுகிறது.
இன்றைய கணக்கு நாற்பத்திரண்டு கோப்பு.
இது பதினேழாவது.

ஆண். வயது அறுபத்தொன்று.
பெயரை அவள் பார்ப்பதில்லை.
பார்த்துவிட்டால், பால் வாங்கும் வரிசையில்
அவருக்குப் பின்னால் நிற்க நேரும்.

டாக்டர் ஹால்வர்சன் எழுதியது ஒரே சொல்:
தடிப்பு.
எங்கே? எதனால்? எத்தனை நாளாய்?
விரலில் கொழுக்கட்டையா, டாக்டர்?
வெறும் தடிப்பு என்றால் ஆர் இருபத்தொன்று.
ஊர்பேர் தெரியாதவர்களைப்
படுக்கவைக்கும் சத்திரம் அது.

கீழே, இரவு இரண்டு பத்துக்கு,
செவிலி ரெனாட்டா லாப்ரெய்ரி எழுதியிருக்கிறாள்:
இடது மணிக்கட்டு, கட்டைவிரலுக்குக் கீழே,
கால் டாலர் நாணயம் அளவு, கத்தரிப்பூ நிறம்.
சிறுநீர்த் தொற்றுக்கு நேற்று சல்ஃபா மாத்திரை.
நோயாளி சொல்கிறார்:
"இது எப்பவும் இங்கேதான் வரும்."

எப்பவும். இங்கேதான்.
மார்லிஸ் அந்த வரியை மூன்று முறை படித்தாள்.
ஆனால் செவிலியின் வரியிலிருந்து
நோய்க்குக் குறியீடு எடுக்கக்கூடாது.
எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா என்பார்கள்.
இது எழுதிய கடன்தான்,
எழுதிய கைதான் வேறு.

பழைய ஏடுகளைப் புரட்டினாள்.
போன வருஷத்துக்கு முந்தின வசந்தம்:
பூச்சிக்கடியாக இருக்கலாம்.
அதற்கும் முன்னால்:
புதுக் கைக்கடிகாரத்தின் வார், கழற்றச் சொன்னோம்.
இரண்டு தாளின் அடியிலும், மருந்துப் பட்டியலில்,
அதே சல்ஃபா.
பாவம், அந்தக் கடிகாரம்.

மூன்று மருத்துவர்கள் மறந்ததை
நாணயம் அளவுத் தோல் மறக்கவில்லை.
மாத்திரை வயிற்றில் இறங்கியதும்
விலாசம் கேட்காமல்
பழைய வீட்டுக் கதவையே தட்டுகிறது நோய்.

இனி அவள் கேள்வி அனுப்ப வேண்டும்.
கேள்விக்குள் பதிலை ஒளிக்கக்கூடாது, அது சட்டம்.
தெரிந்தவள் தெரியாதவள் போலக் கேட்கிறாள்:
*தடிப்பின் இடத்தையும் காரணத்தையும் தெரிவிக்கவும்.
மருந்து. தொடுபொருள். வேறு. தீர்மானிக்க இயலவில்லை.*
நாக்கைக் கடித்துக்கொண்டு
நான்கையும் ஒரே அளவு எழுத்தில் வைத்தாள்.

உலர்த்தி நின்றது. காலுறை வந்தது.
பனிவாரி வண்டி தெருவை இரண்டு முறை வழித்தது.
இருபத்தொன்பதாவது கோப்பில் இருந்தபோது பதில்:
மருந்து. சல்ஃபா. இடது மணிக்கட்டு மட்டும்.
வந்த இடத்திலேயே வரும் வகை.

எல் இருபத்தேழு புள்ளி ஒன்று.
உள்ளே போன மருந்தால், ஓரிடத்தில் மட்டும்.
எந்த இடம் என்று சொல்ல அந்த எண்ணில் இடமில்லை,
அது அவருக்கும் அவர் தோலுக்கும் உள்ள விவகாரம்.
அடுத்து டி முப்பத்தேழு புள்ளி பூஜ்யம்.
பிறகு எக்ஸ்.
எக்ஸுக்குப் பொருள் கிடையாது,
பஸ்ஸில் இடம் பிடிக்க ஜன்னல் வழியே போட்ட துண்டு.
பிறகு ஐந்து.
சரியான மருந்து, சரியான அளவு, சரியான வாய்,
ஆனாலும் நேர்ந்தது.
பத்தொன்பது வருஷமாக அவளுக்குப் பிடித்த எண்.
யார் மேலும் பழி இல்லை.

கடைசி எழுத்து ஏ.
இந்தச் சிகிச்சைக்கு முதல் சந்திப்பு.
தோலுக்கு மூன்றாவது.
விரல் ஒரு கணம் நின்றது, பிறகு அழுத்தியது.

கோப்பை மூடும்போது மேல்மூலையைப் பார்த்தாள்.
ஒவ்வாமை: அறிந்தவரை ஏதுமில்லை.
அந்தக் கட்டத்தில் எழுத அவளுக்கு அனுமதி இல்லை.
சொடுக்கினால் சாம்பல் நிறமாகிறது, அவ்வளவுதான்.

இன்னும் பதிமூன்று கோப்பு பாக்கி.
வார்டுக்குத் தொலைபேசும் வழக்கமே கிடையாது.
எண்ணைத் தேடி எடுத்தாள்.
மணி அடிக்கிறது.
"ரெனாட்டா இருக்கிறாளா?
இல்லை, அவளுக்கு என்னைத் தெரியாது."